யாருடையதும் இல்லாத போஞ்சி

போன வாரம் செவ்வாய்க்கிழமை மகளின் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கெல்லாம் செம்மண்.

"எங்கடா போனீங்க?"

"போஞ்சி பறிச்சோம். மேல. தண்ணி வர்ற எடத்துல."

அவளுக்கு மூன்று வயது கூட ஆகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்பவர், தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டிலிருக்கும் சரோஜா அக்கா. 'தண்ணி வர்ற எடம்' என்றால் ஊற்றுக் காணி. என் கையிலிருந்த சவர்க்காரம் வழுக்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் சின்ன டவுனுக்குத் தண்ணீர் அந்த மேட்டிலிருந்துதான் வருகிறது. மழை பெய்தால் குழாயில் தேநீர் நிறம் – பாலில்லாத தேநீர்! காணிக்காரர் கொழும்பில் இருக்கிறார். ஹோட்டல் கட்ட ஆட்கள் அவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கி, காணியை அதன் பெயருக்கு எழுதித் தரும்படி அவரைச் சம்மதிக்க வைத்தோம். எழுதிவிட்டால் சுற்றி வேலி போடுவோம்; அதன்பிறகு யாரும் விற்க முடியாது, கட்ட முடியாது, மரம் தறிக்க முடியாது. மழையை மண் குடிக்கும். மெதுவாக நமக்கு விடும். நல்ல விஷயம்தானே?

நான்தான் செயலாளர். கையெழுத்து நன்றாக இருந்தால் இலங்கையில் இதுதான் தண்டனை. காணிக்காரருக்கு அனுப்பிய விபரத்தில் நான் எழுதிய ஒரு வரி: 'இக்காணியில் எவரும் பயிர் செய்யவில்லை.'

பொய்யா எழுதினேன்? போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். போஞ்சிப் பாத்தி இருந்தது. ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் யாருடையது என்று கேட்டேன். "யாருதும் இல்லிங்க, தானா மொளச்சது" என்றார்கள். அந்தக் கூட்டத்தில் சரோஜா அக்காவும் குடத்தோடு நின்றார். அவரும் தலையாட்டினார்.

தானாக முளைத்த போஞ்சி, தானாகவே கம்பு நட்டு ஏறியிருந்தது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை!

மறுநாள் காலை மகளை விடப் போனபோது கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தப் பாத்தி உங்களுதா?"

"ஆமாங்க டீச்சர்."

"அன்னைக்கு நான் கேட்டப்ப இல்லன்னீங்களே?"

"ஃபைல தூக்கிட்டு வந்தீங்க. கூட நாலு பேரு சப்பாத்து போட்டுக்கிட்டு நின்னாங்க. அப்படி வந்து 'இது யாருது'ன்னு கேட்டா, இந்த மலையில எவ 'என்னுது'ம்பா? தோடு காணாமப்போய்த் தேடிக் குடுத்தாலும் என்னுதில்லன்னுதான் சொல்லுவோம்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பூச்சி மருந்து அடிக்கிறீங்களா?"

"அடிக்காம போஞ்சி வருமா? பாப்பாவக் கூட்டிட்டுப் போற அன்னைக்கி அடிக்கிறதில்ல."

இதைக் கேட்டு நான் நிம்மதி அடைய வேண்டுமா, அலற வேண்டுமா? அவர் முதுகு வலியால் தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டவர். அந்தப் போஞ்சியும் என் வீட்டுப் பிள்ளையும்தான் அவருடைய வருமானம். வேலி வந்தால் பாத்தி போகும். வரியைத் திருத்தினால் காணிக்காரர் 'இது வில்லங்கக் காணி' என்று பயந்து ஹோட்டல்காரருக்கே கொடுத்துவிடலாம். அப்போது பாத்தியும் போகும், ஊற்றும் போகும். மூன்று நாள் இதே சுற்று. பிள்ளைகளின் கொப்பியில் சரிக்குப் பிழை போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவரிடமே கேட்டேன். "நாளைக்கு அறக்கட்டளைக் கூட்டத்துல உங்க பேரைச் சொல்லவாக்கா?"

"சொல்லுங்க. ஆனா நான் இல்லாத எடத்துல சொல்லாதீங்க."

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்துவிட்டார். கதவோரக் கதிரையில், நுனியில் உட்கார்ந்தார். நான் எழுந்து, "நான் எழுதினது பிழை" என்றேன். எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற டொக்டர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், லோயர்கிட்ட போயாச்சு. ஒரு வரிதானே... வேலி போட்ட பிறகு பேசிக்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா அக்கா எழுந்துவிட்டார்.

"வேலி போடுங்க ஐயா. ரெண்டே மாசத்துல கம்பிய வெட்டி வித்துருவானுங்க. வெறகுக்கு மரமும் போகும். நான் அங்கன நின்னா எவனும் வரமாட்டான். என் வாய் அப்படி."

டொக்டர் சிரிப்பை அடக்கினார்.

"ஊத்துக்கிட்ட இருக்கிற பாத்திய விட்டுர்றேன். கீழ்ப் பக்கம் ஒரு துண்டு குடுங்க. மருந்து அடிக்க மாட்டேன். போஞ்சி காய்க்காட்டி கீரை போடுறேன்."

டொக்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "எழுதுங்க டீச்சர். அவங்க சொன்ன மாதிரியே."

எழுதினேன். பெயரோடு. திங்கட்கிழமை கொழும்புக்கு அனுப்பியாயிற்று. இதுவரை பதில் இல்லை. ஃபோன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். நான் சரியாகத்தான் செய்தேனா? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் ஊற்றாவது பத்திரமாக இருந்திருக்குமா?

நேற்று மகளைக் கூட்டிவரப் போனேன். சரோஜா அக்காவின் வாசலில் ஊற்றுப் பாத்தியிலிருந்து பிடுங்கிய போஞ்சிக் கொடிகள் குவிந்து கிடந்தன. பிஞ்சோடு.

"என்னாக்கா இது? ஓனர்கிட்ட இருந்து இன்னும் பதிலே வரலியே!"

"அவரு பதிலுக்கு நான் ஏன் காத்துக் கெடக்கணும்? அவரா இந்தத் தண்ணியக் குடிக்கிறாரு?"

வீட்டுக்கு வந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன் – அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மகளுக்குக் கொடுக்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.