அத்தை என்று ஒரு மாமி

பிள்ளையள், அன்றைக்குச் சின்னவள் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப்பையை இறக்காமலே கேட்டாள்: "அப்பா, எல்லாரும் தகப்பன்ர அக்காவை மாமி எண்டுதானே கூப்பிடுகினம். நாங்கள் மட்டும் ஏன் அத்தை எண்டுறம்?" வயலுக்கு மருந்தடித்த தாங்கியைக் கழுவிக்கொண்டு நின்றதால், பிறகு சொல்கிறேன் என்றேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன் நான். எழுதினால் பிழை வரும். ஆனால் வாயால் சொல்ல வெளிக்கிட்டால் உங்கள் அம்மா இடையில் புகுந்து மிச்சத்தைத் தானே சொல்லிவிடுவா. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவின் ஆட்கள் மலையகத்திலிருந்து நெளுக்குளத்துக்கு வந்தவர்கள். அவ தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவவின் தமிழ் மலையோடு வந்த தமிழ். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வட்டக்கச்சிக்கு வந்தவர்கள். என் அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தது அக்காதான். நான் உங்கள் அம்மாவைக் கட்டப்போகிறேன் என்றபோது அக்கா மறிக்கவில்லை. கலியாணத்துக்கு வந்தா, சாப்பிட்டா, போனா. அதற்குப் பிறகு அக்கராயனில் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. உங்கள் அம்மா போனில் "அண்ணி" என்று கூப்பிட்டதும் அவவுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் அம்மாவின் ஆட்களுக்குக் கணவனின் அக்கா அண்ணி; எங்களுக்குள் அண்ணி என்றால் அண்ணனின் மனைவி.

"நான் ஆரின்ர அண்ணனைக் கட்டினனான் எண்டு என்னை அண்ணி எண்டுறாள்?" என்று என்னிடம் கேட்டா.

பெரியவள் பிறந்ததும் ஒரு சின்ன மாற்றம். அக்கா தன் கையால் வறுத்து இடித்த பிள்ளை பெற்றவளுக்கான பத்தியத்தூளை அத்தானிடம், அதுதான் தன் மனிசனிடம், கொடுத்தனுப்பினா. அன்று நான் வயலில். தூளைக் கண்டதும் உங்கள் அம்மாவுக்குக் கண் கலங்கிப்போனதாம். அவவின் வீட்டு வழக்கத்தில் தகப்பனின் சகோதரிதான் பிள்ளையின் காதில் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்காகவே நாங்கள் தெரிவுசெய்து வைத்த பெயரை அவ வாய்விட்டுச் சொல்லாமல் "குட்டி, குட்டி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தா. அண்ணி வராவிட்டால் யார் சொல்வது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பா. அதனால்தான் அத்தானிடம் இப்படிச் சொல்லியிருக்கிறா:

"துடக்குக் கழிவுக்கு அண்ணி கட்டாயம் வரணும் அண்ணே. மனசுல எவ்வளவோ கெடக்கு. வரட்டும், அண்ணிகிட்ட நல்லா பேசணும்."

அத்தான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டச்சைக்கிளை எடுத்திருக்கிறார்.

பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் செய்கிற அந்தத் துடக்குக் கழிவுக்கு முந்தின நாள் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் வரேல்லை."

"ஏனக்கா?"

"அங்க வந்து உன்ர மனிசியிட்டைப் பேச்சு வாங்க எனக்கென்ன விசரே?"

போனை வைத்துவிட்டா. நான் உங்கள் அம்மாவிடம் அத்தானுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவ சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னா. சொல்லி முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது.

உங்களுக்கு இரண்டு தமிழும் ஒன்றாக வந்ததால் இது பகிடியாக இருக்கும். எங்கள் பக்கம் பேசுறது என்றால் ஏசுறது. அப்பா பேசினார் என்றால் பிள்ளை அழுதிருக்கிறது என்று அர்த்தம். மற்றதெல்லாம் கதைக்கிறது. உங்கள் அம்மா மனம் விட்டுக் கதைக்க ஆசைப்பட்டிருக்கிறா. அத்தானின் காதில் அது "வரட்டும், ஒரு கை பார்க்கிறன்" என்று விழுந்திருக்கிறது.

"அண்ணிய நான் ஏசுவேனா?" என்று சொல்லி அவ பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டா. நான் உடனே அக்கா இருக்கிற வட்டக்கச்சிக்கு வெளிக்கிட்டேன்.

"அக்கா, அவ உங்களோட கதைக்கோணும் எண்டுதான் சொன்னவ."

"எனக்குத் தமிழ் படிப்பிக்க வந்தனியே? பேசுறதெண்டால் பேசுறதுதான்."

"என்ர காதால கேட்டனான்," என்றார் அத்தான். "வரட்டும் எண்டும் சொன்னவ."

அப்போதுதான் அலுமாரிக்கு மேல் இருந்த பரிசுக் கப்பைக் கண்டேன். அக்காவின் மகன் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் எடுத்தது.

"அப்ப இவன் பேச்சுப்போட்டியில ஆரை ஏசி இதை எடுத்தவன்?"

அத்தான்தான் முதலில் சிரித்தார். "அவன் அதிபரையே ஏசியிருப்பான்." அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா: "அப்ப அவளின்ர மனசில என்னதான் கிடக்காம்?"

"எனக்குத் தெரியாது அக்கா. அது உங்களுக்கெண்டு வைச்சிருக்கிறா."

அக்கா வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை ஓட்டோவில் வந்து இறங்கினா. வாசலிலேயே நின்று, "வந்திட்டன். இனிப் பேசு பாப்பம்," என்றா. உங்கள் அம்மா என்னைப் பார்த்தா, பிறகு ஒரு கதிரையை இழுத்து, "மொதல்ல உக்காருங்க அண்ணி," என்றா. அதன் பிறகு இரண்டு பேரும் குசினிக்குள் போய் நெடுநேரம் இருந்தார்கள். ஒரு தரம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது, ஒரு தரம் சிரிப்பு. என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் உங்கள் அம்மா பிள்ளையை அக்காவின் மடியில் வைத்தா. "அத்தை கூப்பிடுறேன்னு சொல்லிட்டு, பேரைச் சொல்லுங்க அண்ணி."

அக்கா குனிந்தா. மாமி என்று சொல்லத்தான் உதடுகள் மூடின. நான் பக்கத்தில் நின்று கண்டேன். பிறகு, "அத்தை கூப்பிடுறன்," என்று சொல்லிப் பெயரைச் சொன்னா. சின்னவள், நீ கேட்டதுக்கு இதுதான் பதில்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது அக்கா இலைக்கு மேல் கையை வைத்து, "காணும் பிள்ளை, காணும்," என்றா. உங்கள் அம்மா இலையைப் பார்த்தா, நிலத்தைப் பார்த்தா. "என்னத்த காணும் அண்ணி?" எங்களுக்குக் காணும் என்றால் போதும்; அவவுக்கு ஏதோ தொலைந்துவிட்டது. தேடுகிற கையோடு இன்னொரு கரண்டி சோறும் விழுந்தது.

"இனிச் சோறு போட்டியெண்டால் உண்மையா நான்தான் உன்னைப் பேசுவன்."

"பேசுங்க அண்ணி," என்றா உங்கள் அம்மா.

பின்னேரம் எல்லாரும் போன பிறகு, சோறு சமைத்த கிடாரத்தைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். உங்கள் அம்மா கட்டி வந்த நாளிலிருந்து என் ஆட்களிடம் "ஓம்" என்றுதான் சொல்வா. தன் ஆட்களோடு மட்டும் அதே "ஓம்" "ஆமா" ஆகும். நான் அந்தச் சொல்லை ஒரு நாளும் சொன்னதில்லை. கிணற்றடியில் ஒருவரும் இல்லை. வாளியை வைத்துவிட்டு, கிணற்றுக்குள் குனிந்து, மெதுவாக "ஆமா" என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் சரியாக இருக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.