டேங்குக்குக் கீழே ஒரு சத்தம்

நோர்வூட் தாண்டி ஹட்டன் பக்கம் இரண்டாவது வளைவில், சரியாக மழை பிடிக்கும்போது வண்டி நின்றுவிடுகிறது. என்னைவிட வயதில் மூத்த மோட்டார் சைக்கிள். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைக்கிறேன். நீலப் பொறி நன்றாக அடிக்கிறது. திருப்பி மாட்டி உதைத்தால் மூச்சே இல்லை. பாயின்டைத் தேய்க்கிறேன், பேட்டரி வயரை இறுக்குகிறேன். மூன்று தடவையும் இதே கதைதான். எரிச்சலாக வருகிறது.

மேட்டில் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவைக்குக் காத்திருந்த அக்கா ஒருவர் இறங்கி வருகிறார்.

"தம்பி, இன்னொருக்கா உதைங்க."

உதைக்கிறேன்.

"டேங்குக்குக் கீழ டிக்குனு கேக்குதுல்ல? அங்கதான் கரண்டு கசியுது."

குனிந்து பார்க்கிறேன். பிளக் வயரின் உறை வெடித்து, ஈர இரும்பில் ஒட்டிக் கிடக்கிறது. சோதிக்கும்போதெல்லாம் நானே வயரை வெளியே இழுத்துவிடுகிறேன். அதனால்தான் பொறி வந்திருக்கிறது. பை நிறைய ஸ்பேனர் சாவிகள், டெஸ்டர். டேப் மட்டும் இல்லை.

அவர் மழைக்கு நனையாமல் இடுப்பில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் படங்கின் ஓரத்தைக் கிழித்து, வயரைத் துடைத்து, இறுக்கிச் சுற்றுகிறார். இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொள்கிறது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"மழைன்னா எங்க லயத்து வீட்டுல சுவிட்சுக்குப் பக்கத்துல இதே சத்தந்தாங்க. சுவரத் தொட்டா அடிக்கும். ஹட்டன் போனதும் புது வயர் போட்டுருங்க தம்பி, இது தாங்காது."

"லயத்துல என்ன செஞ்சீங்க?"

"இதே படங்கத்தான் சுத்தி வச்சிருக்கோம். மூணு வருஷமாச்சு."