உதவி பெறும் பள்ளி

தளியிலிருந்து ஓசூர் போகும் எங்கள் பஸ் பஞ்சராகி ஒரு பள்ளிக்கூடத்தின் எதிரே நிற்கிறது. டீக்கடைப் பெஞ்சில் கரைவேட்டிக்காரர் ஒருவர் முழங்குகிறார்: "தனியார் நடத்தினாத்தான் படிப்பு உருப்படும். சம்பளத்த கவர்மெண்டு குடுத்தா என்ன தப்பு?"

பள்ளி கேட்டைத் தாண்டி ஒரு பெண், கையில் சேர்க்கை விண்ணப்பத்தோடு, மகளை அழைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். சேலைக்கு மேல் கம்பெனி கோட்டு.

"இடம் கிடைச்சுதாம்மா?" என்று கேட்கிறேன்.

"இல்லீங்க. பாப்பாவ ஒரு பாட்டு சொல்லச் சொன்னாங்க. தெலுங்குல சொல்லுச்சு. ஊட்ல நாங்க பேசறது அதுதானே? இங்க ஒத்துவராது, கவர்மெண்டு ஸ்கூலுக்குப் போன்னுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். யார் படிக்கலாம் என்று சொல்வது மட்டும் தாளாளரா? சுவரில் ஆளுயரத்துக்கு அவர் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'அரசு உதவி பெறும் பள்ளி'.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கரைவேட்டிக்காரரைக் கேட்கிறேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருக்கிறார்.

அந்தப் பெண்தான் சுவரைக் காட்டிப் பேசுகிறாள். "உதவி பெறும்னு போட்டிருக்கவும், எங்களாட்டம் ஆளுங்களுக்குத்தான் உதவின்னு நெனச்சுட்டேங்க."