பதினோராம் நம்பர் மலையின் முப்பது கிலோ

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஆபீசில் கணக்கெழுதும் அம்புரோஸ் கிராணியின் முன்னால் மட்டும் சிரித்துவிடாதீர்கள். அந்த மனுசன் இன்றைக்கும் கொழுந்து நிறுக்கும் தராசை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

1983ஆம் வருசம். ஒவ்வொரு மலையிலும் அன்று எத்தனை கிலோ கொழுந்து வரும் என்று காலையிலேயே எஸ்டிமேட் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆள் பிரிப்பார்கள், லோரி எத்தனை நடை என்று முடிவு செய்வார்கள். கம்பெனி இதற்கொரு அட்டவணை அனுப்பியிருந்தது. போன தடவை எடை, மழை, ஆள் எண்ணிக்கை என்று கூட்டிக் கழித்தால் ஒரு கணக்கு வரும். நம்ம கிராணிக்கு அது ஆகாது. "அட்டவணைக்கு மலையத் தெரியுமாலா?" என்று பென்சிலால் திருத்திவிடுவார். பத்து கிலோகூடப் பிசகாது. அதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை.

நவம்பர் 17, வியாழக்கிழமை. பதினோராம் நம்பர் மலைக்கு அட்டவணை சொன்னது 1,230. லோரி பிடிப்பது 1,200. முப்பது கிலோவுக்காக இன்னொரு நடையா? கிராணி ரப்பரால் அழித்தார். 1,200 என்று எழுதினார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரே நடையில் முடித்தால் தோட்டத்து மேனேஜர் துரை மெச்சுவார் என்ற ஆசைதான்.

மாலை 4.40. டிரைவர் ராஜு லோரியை நிறுத்திவிட்டு ஆபீசுக்கு ஓடி வந்தான்.

"ஐயா, செல்லம்மாக்கா சாக்கோட அங்கயே நிக்குது. லோரில எடமில்ல. திரும்பி வரேன், இங்கயே நில்லுக்கான்னு சொல்லிட்டு வந்தேன். இன்னொரு நடை போய்ட்டு வந்துடறேன்லா."

"எஸ்டிமேட் ஆயிரத்து இருநூறு. வந்துடுச்சி. லோரிய ஷெட்ல போடு."

"மழ கொட்டப் போவுது ஐயா…"

"சாக்க வெச்சிட்டு நடந்து வரும். போ."

வராது. கிராணிக்கு அது தெரியும். தன் சாக்கு லோரியில் ஏறும்வரை கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியும் மலையை விட்டு இறங்கமாட்டாள். தெரிந்தேதான் சொன்னார்.

5.05க்கு மலை சரிந்த சத்தம் தொழிலாளர் லயம்வரை கேட்டது. செல்லம்மா தனிக்கட்டை, தேட ஆளில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோதுதான் பதில் வரவில்லை. லோரி நிற்கும் இடத்தில் மண்ணைத் தோண்டி உடலை எடுத்தார்கள். பக்கத்தில் சாக்கு இல்லை. அதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

துரை விசாரித்தார். "கிராணி ஐயாகிட்ட சொன்னேன்" என்றான் ராஜு. அம்புரோஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்கிட்ட ஒன்னும் சொல்லல துரை" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், அவ்வளவுதான். ராஜுவுக்கு வேலை போனது. ஒரே வாரத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு லயத்தைக் காலி செய்தான். அவர்கள் சாமான் ஏற்றியபோது கிராணி சன்னலைச் சாத்திக்கொண்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 26. பதினோராம் மலையில் மறுபடி கொழுந்து. எஸ்டிமேட் 1,140. வந்தது 1,170.

சரி, யானைக்கும் அடி சறுக்கும்.

டிசம்பர் 5. எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டி 1,190 போட்டார். வந்தது 1,220.

கூட்டினாலும் முப்பது… சாக்கை எண்ணினால் சரியாக இருக்கும், எடையில் மட்டும் கூடும். மற்ற மலைகளில் ஒரு பிசகும் கிடையாது.

முப்பது யாருடைய சாக்கின் எடை என்று அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 14. கிராணி தானே தராசுக் கொட்டகைக்குப் போனார். நிறுத்து எழுதும் நாகரத்தினம் ஒவ்வொரு சாக்காக மாட்டினார். எஸ்டிமேட் 1,160. வந்தது 1,160. கிராணிக்கு உயிர் வந்தது. நாகரத்தினம் கை கழுவப் போனார். வெளியே மூடுபனி. மணி 6.20.

கிளிங்…

தராசுக் கொக்கி ஆடியது.

முள் நகர்ந்தது. பத்து… இருபது… முப்பது.

கொக்கியில் ஒன்றுமில்லை.

கீழே சிமெண்டுத் தரையில் சொட்… சொட்… செம்மண் தண்ணீர்.

"கிராணி… யாரு நிறுத்துனது?"

காதருகே. பெண் குரல்.

கிராணி சுவரோரம் ஒதுங்கினார், குரலும் கூடவே வந்தது.

"யாரு?"

"நான்… நான்தான். நான்தான் நிறுத்துனேன்!"

முள் சட்டென்று சைபருக்கு விழுந்தது.

6.35க்குத் துரை பங்களா வாசலில் பனியில் நனைந்துபோய் நின்றார் அம்புரோஸ். எல்லாவற்றையும் சொன்னார், அழித்து எழுதியது உட்பட. துரை கெட்ட வார்த்தையில் திட்டினார், கிராணி வாங்கிக்கொண்டார். கியா பார்மில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்த ராஜுவைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். கிராணி கையெடுத்துக் கும்பிட்டபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்கிட்ட எதுக்கு ஐயா? மேல மலைல போய்க் கேளுங்க."

அதற்குப் பிறகு முப்பது வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மத்தியானம், நாகரத்தினம் எடைப் புத்தகத்தோடு கிராணி வீட்டுக்கு வந்தார். சோற்றுப்பசையால் ஒட்டியிருந்த இரண்டு பக்கங்களை மெல்லப் பிரித்துக் காட்டினார்.

நவம்பர் 17. கடைசி வரி. நேரம் 6.20. செல்லம்மா. முப்பது கிலோ.

"நான்தான் ஐயா எழுதுனேன். அதுவே சாக்கத் தூக்கிட்டு வந்துச்சி. தலையெல்லாம் செம்மண்ணு. மழைல வழுக்கி விழுந்திருக்கும்னு நெனச்சேன். மறுநாள் விசயம் கேட்டு… யாரு நம்புவா? பயந்து ஒட்டிட்டேன்."

மலை சரிந்தது 5.05க்கு.

"ஏதாச்சும்… சொல்லுச்சா?"

நாகரத்தினம் கிராணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராஜுத் தம்பிய திட்டாதீங்க, வரேன்னு சொன்னவன் வராம இருக்கமாட்டான், யாரோ நிறுத்திட்டாங்கன்னு சொல்லுச்சி. யாருன்னு கேட்டு வையுங்க… நான் திரும்பி வரேன்னு சொல்லிட்டு மலைப்பக்கம் போச்சி ஐயா."