பேச்சை ஓட்டிவிட்டுக் கேட்ட பாட்டு

போன வருஷம் குறுவை நடவு நேரம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், என் அத்தாவோடு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரே வீட்டில் நான் பேசாமல் வாழ்ந்துகொண்டிருந்தேன். சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போடுவதற்கும் கொஞ்சம் பேச்சு வேண்டுமே, அதுகூட எங்களுக்குள் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மோட்டாரை நிறுத்தினீங்களா. இந்த மூன்றுக்கு மேல் நான் கேட்டதில்லை. 'ம்' என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

அம்மா இருந்தவரை இது தெரியவில்லை. நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் அம்மாவே பேசிவிடுவார். அம்மா மௌத்தான பிறகுதான் வீடு இப்படி ஆனது. என் கணவருக்குக் கத்தாரில் வேலை, மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், எனக்குத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை. எழுபத்தெட்டு வயது மனிதரைத் தனியே விடக்கூடாது என்று அவர் வீட்டுக்கே வந்து தங்கினேன். இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் அத்தா, சென்னையில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, தம்பியிடம் போனில் சொன்னார். அவனும் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டு, "என்னக்கா நடந்துச்சு அங்க?" என்று கேட்டான். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

இதற்குள் பாட்டு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அத்தா வளைகுடாவில் இருபத்தோரு வருஷம் லாரி ஓட்டினார். ஊருக்கு வந்தால் இரண்டு மாதம் இருப்பார், பிறகு இரண்டு வருஷம் கண்ணில் பட மாட்டார். கடிதம் எழுதுவது அவருக்கு ஆகாது. கேசட்டில் பேசி அனுப்புவார். ஊருக்கு வருகிறவர்கள் யாராவது சோப்பு, தைலம், துணியோடு அதையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் இதுதான் பழக்கம். புதுக் கேசட் வாங்க அத்தாவுக்கு மனசு வராது. ரூமில் இருந்த சூடான்காரர், பிலிப்பைன்ஸ்காரர், எகிப்துக்காரர் யாராவது கேட்டுச் சலித்துப்போன பாட்டுக் கேசட்டை வாங்கிக்கொள்வார். அதன் முதுகில் இருக்கும் இரண்டு ஓட்டைகளை செலோடேப்பால் ஒட்டிவிட்டால் மேலே பதிவு செய்யலாம். பெயர் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டுப் பேனாவால் 'வீட்டுக்கு' என்று எழுதுவார்.

அத்தாவின் பேச்சு இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். நாற்று விட்டாச்சா, குத்தகைக்காரர் வந்தாரா, தம்பிக்கு இருமல் நின்றதா. அவர் பேசி முடித்த அடுத்த நொடி, அடியில் கிடந்த பழைய பாட்டு பாதியிலிருந்து பீறிட்டு வரும். ஒரு கேசட்டில் உடைந்த குரலில் ஒருவர் யாரையோ கெஞ்சிக் கெஞ்சிப் பாடுவார், பின்னால் டிரம்பெட் அழும். இன்னொன்றில் பேஸ் கிதார் போகிற போக்கைக் கேட்டால் கையில் இருக்கும் பாத்திரத்தை வைத்துவிட்டு ஆடத் தோன்றும். வேறொன்றில் ஒரு பெண் பறை மாதிரி எதையோ அடித்துக்கொண்டு தன் ஊர்ப் பாட்டைப் பாடுவாள். ஒன்று முழுக்க மிஷின் சத்தம், ஆனால் அப்படி ஒரு இனிமை. மொழி தெரியாது, பெயர் தெரியாது, பாட்டின் தொடக்கமும் தெரியாது. எல்லாம் பின்பாதிதான். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பேச்சை ஓட்டிவிட்டு நேரே பாட்டுக்குப் போய்விடுவேன். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது என் விரலுக்கே பழகிவிட்டது.

பிற்பாடு இன்டர்நெட் வந்ததும் அந்தப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். கெஞ்சியவர் இரண்டே இரண்டு ரெக்கார்டு போட்ட ஒரு சோல் பாடகர், அப்புறம் பஸ் ஓட்டப் போய்விட்டாராம். பேஸ் கிதார்க்காரர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு சிறிய ஊர்க்காரர். அவர்களைத் தேடப் போய் இன்னும் நூறு பேர் கிடைத்தார்கள். சோல், ஃபங்க், நாட்டுப்புறம், எலக்ட்ரானிக் என்று யாரும் கண்டுகொள்ளாத பாடகர்களைப் பற்றி நான் இணையத்தில் எழுதுவதைப் படிக்க வெளிநாடுகளில்கூட ஒரு சின்னக் கூட்டம் உண்டு. ரத்த சாம்பிள் எடுக்கிற கை இதையும் செய்கிறதா என்று லேபில் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் அகப்படவே இல்லை. அத்தா கடைசியாக அனுப்பிய கேசட்டில் இருந்தது அது. ஒரு கம்பி வாத்தியம், கனமான ஆண் குரல், பக்கத்தில் யாரோ தகரத்தில் தட்டுவது போன்ற தாளம். நடுவில் ஒருவர் அடக்க முடியாமல், மூச்சு வாங்கி வாங்கிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கும் சிரிப்பு வரும். அதை இணையத்தில் போட்டு ஏழு வருஷம் தேடினேன். ஒருவர் எத்தியோப்பியா என்றார், ஒருவர் ஏமன் என்று அடித்துச் சொன்னார். பிரான்சில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். தாளக்காரருக்குப் பயிற்சி கிடையாது, ஆனால் உற்சாகம் அபாரம் என்பது அவர் கருத்து. 'சிரிப்பது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்' என்று நானும் உலகம் பூராவும் கேட்டுவைத்தேன். அடுத்த அறையில் இருக்கும் அத்தாவிடம் கேட்கத் தோன்றவில்லை. காசை மிச்சம் பிடிக்கப் பழைய கேசட் வாங்கியவருக்கு அதில் இருந்த பாட்டைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அத்தாவுக்கு டிக்கெட் போட்ட அந்த வாரத்தில் என் டேப் ரெக்கார்டர் கேசட்டை மெல்ல ஆரம்பித்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, தஞ்சாவூரில் பழைய கல்யாண வீடியோக்களையும் கேசட்டுகளையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். முகத்தில் சிரிப்பே கிடையாது.

"பேச்சு வேணாங்க. பாட்ட மட்டும் ஏத்துனா போதும்" என்றேன்.

"பேசுறது யாருங்க?"

"எங்க அத்தாதான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போனேன். இரண்டு நாளில் அத்தா கிளம்புகிறார், வீட்டில் அவர் துணிகளை அடுக்க வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஒரே அவசரம். பென் டிரைவைக் கொடுங்கள் என்றால் மனிதர் ஹெட்போனை நீட்டுகிறார்.

"உக்காந்து இதைக் கேட்டுட்டுப் போங்க மேடம்."

"நேரமில்லைங்க. வீட்ல போய் கேட்டுக்கறேன்."

"வீட்ல கேக்க மாட்டீங்க. கேக்குறவங்களா இருந்தா பேச்சு வேணாம்னு சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்கு அத வெட்ட மனசு வரல, மொத்தமா ஏத்திட்டேன். கடைசி கேசட்ட மட்டும் கேளுங்க, போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருந்தாலும் அவர் பேச்சில் இருந்த ஏதோ ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது.

அந்தக் கேசட் வந்தபோது நான் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி லேப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த நேரம். படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று ஆத்திரத்தில் இருந்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அம்மா கேசட்டைக் கையில் கொடுத்து, "அத்தா ஒனக்காகப் பேசியிருக்காங்க, கேளு" என்றார். மாப்பிள்ளைப் புராணமாகத்தான் இருக்கும் என்று வழக்கம்போலப் பாட்டுக்கு ஓட்டிவிட்டேன். "கேட்டியா?" என்றார் அம்மா. "கேட்டேன்" என்றேன். அவ்வளவுதான். பிறகு அந்தக் கல்யாணம் நின்றுபோனது. அம்மாதான் எப்படியோ பேசி நிறுத்தியிருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹெட்போனில் சலாம் சொன்னார் அத்தா. நாற்பத்தைந்து வயதுக் குரல், இப்போதைய குரலைவிடக் கொஞ்சம் வெட்கப்படுகிற குரல். என் பெயரைச் சொல்லி, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான் பேசுறத ஓட்டிட்டு நீ பாட்டுக்குப் போயிடுறியாமே. அம்மா போன்ல சொன்னாங்க. தப்பில்லம்மா, நான் என்னத்தப் பேசிடப் போறேன். இந்தத் தடவ ஒனக்குன்னு புதுக் கேசட்டே வாங்கிட்டேன். நம்ம ரூம்ல ஏசி வேலை பாக்குற சூடான்காரரு பாடுறேன்னிருக்காரு, நல்லா பாடுவாரு. தாளம் நான்தான், சிரிக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மாப்பிள்ள வீட்டுக்கு இப்ப வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். பெரியத்தாவுக்கு என் மேல கோவம், இருந்துட்டுப் போவுது. நீ படிச்சு முடி. அப்புறம் ஒனக்குத் தோணுறப்ப நீயே சொல்லு. இதைக் கேட்டுட்டு ஒரு வரி எழுதிப் போடும்மா. ஒரு வரி போதும்."

அடுத்து அந்தக் கம்பி வாத்தியம் தொடங்கியது. பாட்டின் முன்பாதியை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன்; விரல் பழக்கத்தில் எப்போதும் அதையும் தாண்டியே ஓட்டியிருக்கிறேன். தகரத் தாளம் தடுமாறியது, பாடுகிறவர் ஏதோ சொல்லிக் கேலி செய்தார், அந்தச் சிரிப்பு வந்தது. என் அத்தாவின் சிரிப்பு. பெற்ற மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கடையிலேயே அழுதுவிட்டேன். கடைக்காரர் பென் டிரைவை ஒரு கவரில் போட்டு முன்னால் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தா வயலில் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. அவர் வந்து உட்காரும்வரை காத்திருந்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

"அத்தா, கடைசியா ஒரு கேசட் அனுப்புனீங்களே. சூடான்காரர் பாடுனது. அதுல நீங்க பேசுனத நான் கேக்கவே இல்ல. கேட்டேன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன். இன்னக்கித்தான் கேட்டேன்."

அத்தா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"அப்ப கோவத்துல எழுதாம இருந்துடலயா நீ?"

"இல்லத்தா. எனக்குத் தெரியவே தெரியாது."

"நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். பொண்ணுக்குப் பிடிச்ச எடத்த நான்தான் கெடுத்துட்டேன் போலன்னு. அப்புறம் ஒங்கிட்ட எதையும் பேசவே பயம்" என்றார்.

முப்பத்து மூன்று வருஷம். ஒருவர் பயத்தில் பேசவில்லை, ஒருத்தி கூறுகெட்டதனத்தில் கேட்கவில்லை. எனக்கு என்னையே அறையலாம் போல இருந்தது.

போனில் பாட்டைப் போட்டேன். இரண்டாவது வரியிலேயே அத்தா அந்தச் சூடான்காரரின் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அவர் சமைக்கும் அவரைக்காய்க் குழம்பு வரைக்கும் சொன்னார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவரிடமிருந்து தகவல் ஏதுமில்லையாம். ஏழு வருஷம் நான் தேடிய பெயர் ஒரு மூச்சில் வந்து விழுந்தது. அந்தப் பெயரை நான் இணையத்தில் போடவில்லை. போடலாமா என்று கேட்க அவர் வீட்டு மனிதர்கள் யாராவது அகப்படும்வரை அது எங்கள் இருவரிடமும் இருக்கட்டும்.

"ஒங்க தாளத்தப் பத்தி பிரான்ஸ்ல ஒருத்தர் எழுதியிருக்காருத்தா."

"என்னன்னு?"

"பயிற்சி பத்தாதாம்."

"பால் பவுடர் டின்னுல தட்டுறதுக்கு என்ன பயிற்சி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள். அதே சிரிப்பு. வயதாகியிருந்தது, அவ்வளவுதான்.

"போகாதீங்கத்தா. இங்கயே இருங்க" என்றேன்.

"இருன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். தம்பியைக் கூப்பிட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். அவன் மறுபடியும் என்னக்கா நடந்துச்சு என்று கேட்டான்.

அன்று மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'அத்தா, நீங்கள் பேசியதைக் கேட்டேன்' என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாருக்கும் தெரியாத பாடகர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் ஒரு மனிதர் உண்மையாகவே காத்திருந்து வாங்கிக்கொண்ட என் எழுத்து அந்த ஒரு வரிதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.