நேர்ந்துவிட்ட சேவல்

பாலவாக்கத்தில் மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும் மர்சலின் டீச்சர் குடை இல்லாமல் தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறப்பதில்லை. சேவலுக்குப் பயந்துதான். அடையாறில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். வகுப்பு முழுவதையும் ஒரே முறைப்பில் அடக்கிவிடுவாள். இந்தச் சேவலிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை. கதவு கிறீச்சிட்டதும் ஒரு இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும். குடையை விரித்தால் குடைமேல் பாயும். மடக்கினால் கெண்டைக்காலில் தன் கால்முள்ளை இறக்கும். பெட்டைக்கோழிகள் நாலும் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. ஓடாமல் நின்று பார்த்தாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். தண்ணீரை வீசிப் பார்த்தாள், குளித்த தெம்பில் இன்னும் வேகமாக வந்தது. அக்குளில் இடுக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றி நடந்தால் அடங்கிவிடும் என்று யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தாள். இடுக்கியிருந்தவரை கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. கீழே விட்டதும் கொத்தியது.

வீட்டு வேலைக்கு வரும் ஆரோக்கியமேரி, துணி காயப்போடப் போகும்போதெல்லாம் பக்கெட்டை முன்னால் பிடித்துக்கொண்டுதான் போவாள்.

"இன்னா டீச்சர் இது, சேவலா ரவுடியா? எத்தினி நாளு இத்த வெச்சினு இருப்பீங்க? ஒரு ஞாயித்துக்கெழம கொழம்பு வெச்சா முடிஞ்சிது. நானே அறுத்துத் தரேன்."

"நேர்ந்துவிட்டது மேரி. கை வைக்கக் கூடாது."

வம்பே அதில்தான் இருந்தது. ஒன்றே முக்கால் வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது மர்சலினுக்கும் அவள் தங்கை லிசாவுக்கும் பேச்சு அறுந்துபோனது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும் என்றாள் லிசா. வீட்டிலேயே கண்ணை மூடுகிறேன் என்று அம்மாதான் கெஞ்சினாள் என்பதை மர்சலின் எத்தனை தடவை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. "நீதான் அம்மாவைக் கொன்னுட்ட" என்று கல்லறையில் ஊரறியச் சொல்லிவிட்டுப் பெருங்குடிக்குப் போனவள், திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. பெருங்குடி என்ன ஏழு கடல் தாண்டியா இருக்கிறது?

அந்த வாரம் கொல்லையில் கோழி குஞ்சு பொரித்திருந்தது. அதில் துடியான ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, "அந்தோணியாரே, லிசா இந்த வீட்டு வாசப்படி மிதிச்சா இது உங்களுக்கு" என்று மர்சலின் வேண்டிக்கொண்டாள். நேர்ந்தவர் அதை அறுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. காரியம் கைகூடியபின் அந்தோணியாருக்கு உகந்த ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கோயிலில் கொண்டுபோய் விட வேண்டும்.

லிசா வரவும் வந்தாள். அம்மாவின் முதல் வருஷப் பூசையில் உட்கார்ந்திருந்தபோது மனசு இளகியிருக்க வேண்டும், ஆட்டோ பிடித்து வீட்டு கேட்வரை வந்துவிட்டாள். மர்சலின் ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். கொல்லையிலிருந்து வீட்டைச் சுற்றி வந்து அவளை முந்திக்கொண்டு சேவல் ஓடியது. லிசாவின் பட்டுப்புடவை கிழிந்தது, காலில் ரத்தம் வந்தது. வந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டாள்.

"அந்தச் சேவல் இருக்கறவரைக்கும் உன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்று ஆட்டோவிலிருந்தே கத்தினாள்.

மர்சலின் தலையில் அடித்துக்கொண்டாள். லிசா வந்தால்தான் சேவலைக் கோயிலில் விடலாம். சேவல் போனால்தான் லிசா வருவாள். இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் விடை இருக்கிறது?

"அதான் கேட்டு வரிக்கும் வந்தாங்களே டீச்சர். அந்தோணியாரு அவுரு வேலைய முடிச்சிட்டாரு. நீங்க குட்த்துட வேண்டிதான" என்றாள் மேரி.

"கேட்டு வேற, வாசப்படி வேற மேரி. நான் வாசப்படின்னு சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன்."

சாமியிடம்கூட ஒரு புள்ளி பிசகமாட்டாள். அந்தப் பிடிவாதத்தோடு எட்டு மாதம் முள்ளைத் தாங்கினாள். போன செவ்வாய்க்கிழமை காலையில், ஆறிக்கொண்டிருந்த புண்ணிலேயே சேவல் மறுபடி முள்ளை இறக்கியதும் பொறுமை போய்விட்டது. பள்ளிவிட்டு வந்த கையோடு அதன் காலைக் கட்டிப் பைக்குள் திணித்து, மேரியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "காரியம் முடியலை. ஆனாலும் முன்னாடியே குடுத்துட்டேன். இனிமே உங்க பாடு" என்றாள். வேண்டுதல்போல் இல்லை, சண்டைபோல்தான் இருந்தது.

வெளியே வந்ததும் லிசாவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். "சேவலைக் கோயில்ல விட்டுட்டேன்டி. இனிமே பயமில்ல. ஞாயித்துக்கெழம சாப்பிட வா. இறால் வாங்கி வைக்கறேன்."

பூசைக்கு மணி அடித்ததும் உள்ளே போய் உட்கார்ந்தாள். பூசை முழுக்க அவள் மனசு இறாலைச் சுற்றியே இருந்தது. பூசை முடிந்ததும் வழக்கம்போல் நேர்ச்சைக் கோழிகளை முற்றத்தில் ஏலம் விட ஆரம்பித்தார் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார். குழம்புக்கு வாங்க வந்தவர்கள் சூழ்ந்து நின்றார்கள். அப்போதுதான் லிசாவின் பதில் வந்தது.

"சண்டே எங்க ஃப்ளாட்ல அசோசியேஷன் மீட்டிங். அப்புறம் ஒரு நாள் பாக்கலாம்."

மர்சலின் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மீட்டிங்காம்! சேவல் போன இடத்தில் இப்போது மீட்டிங் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் போனால் வேறொன்று வரும். வாயில்லா ஜீவனை எட்டு மாதமாகக் கரித்துக்கொட்டினோமே என்று ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

உபதேசியார் அவள் சேவலைத் தூக்கிக் காட்டினார். அது அவர் மணிக்கட்டைக் கொத்தியது. கூட்டம் சிரித்தது. "நல்ல கறி இருக்குப்பா" என்று ஒருவர் விலை கேட்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மர்சலின் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இன்னா பண்றீங்க? அது உங்க சேவலு!" என்று மேரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியும் மேரி" என்றாள் மர்சலின், கையை இறக்காமலே. "அவ இன்னும் வாசப்படி மிதிக்கலையே."