டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்தே காலம் போய்விட்டது. இரண்டு தடவை பேப்பர் எடுத்து உட்கார்ந்து, பாதியில் கிழித்தும் போட்டேன். அடுத்தவர் செய்த தப்பு என்றால் எழுதிவிடலாம். இது நான் செய்தது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக ஞாபகமில்லை. புனேயில் தாபோடியில் குடியிருந்தோம். போசரியில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு லேத் வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் கம்பெனி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே, பழைய கம்ப்யூட்டரை அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடக் கற்றுக்கொண்டேன். எங்கள் சந்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் முருகனைக் கும்பிட்டு, சிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். தமிழர்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று பிம்ப்ரி மார்க்கெட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, தினமும் ஷிப்ட் முடிந்து வந்து எட்டு மாதமாக மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கம்பெனியில் அவற்றைக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் ஆர்டர் கிடைக்கும். அதை நம்பி வேலையை விடுவதாக லெட்டரும் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து, நாலு மணிக்கு லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, ரொம்ப ஹேங் ஆகுது. வெள்ளிக்கிழமை அங்க போய் இப்படி நின்னா என் இஜ்ஜத், மானமெல்லாம் போயிடும். புதுசா போட்டுக் குடுங்க. என் டிராயிங் எல்லாம் டிஸ்க்குல ரெண்டாவது பாகத்துல, டி டிரைவ்ல இருக்கு, அதை மட்டும் தொடாதீங்க."

எப்போதும் முதலில் முக்கியமானதை வேறு சிடியில் ஏற்றிக்கொள்வேன். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு பத்து. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். ராகு காலத்தில் நான் எதையும் தொடங்க மாட்டேன். அது முடிய ஆறு மணி ஆகிவிடும். முதல் பாகத்தைத்தானே அழிக்கப் போகிறோம், இரண்டாவதைத் தொடப்போவதில்லையே என்று நினைத்து, காப்பி எடுக்காமலே சிடியைப் போட்டுவிட்டேன்.

நீலத் திரையில் இரண்டு பாகமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதலாவதை அழித்தேன். அது போகவில்லையோ என்று ஒரு சந்தேகம். மணி நாலு இருபத்தேழு. திரையில் இருந்ததைச் சரியாகப் படிக்காமல் மறுபடியும் அழித்து, ஏற்ற ஆரம்பித்தும்விட்டேன். பைல்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு பாகம் இல்லை. மொத்த டிஸ்க்கும் ஒரே பாகமாக நின்றது. இரண்டாவது தடவை நான் அழித்தது அவர் டிராயிங் இருந்த பாகம்.

பிளக்கைப் பிடுங்கினேன், பேட்டரியையும் கழற்றினேன். இரண்டு அடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆச்சா அண்ணா?"

வாயைத் திறந்தபோது உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். வந்தது வேறு. "டிஸ்க்கே போயிருச்சு போல தம்பி. பழைய சாமான்தானே" என்றேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவரே என்னைத் தேற்றினார். "டென்ஷன் நக்கோ அண்ணா, கவலைப்படாதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

அன்று சாயங்காலம் என் மனைவி கேட்டாள். "என்ன, சாமிக்கு வெளக்கு ஏத்தாம உக்காந்திருக்கீக? மூஞ்சி வெளிறிக் கெடக்கு."

தலைவலி என்றேன். சாமி படத்துக்கு நேராகப் போகப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை கம்பெனியில் அவர் என் மெஷின் பக்கம் வரும்போதெல்லாம் குனிந்து வேலை பார்ப்பதுபோல் இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கடவுள் ஒரு வழி காட்டுவார்" என்று சொன்னேன். பொய் சொன்ன அந்த வாயாலேயே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். "வாங்க பிம்ப்ரிக்கு. கெட்ட டிஸ்க்கை என் தலையில கட்டிட்டான் அந்த ஆள். நீங்க சாட்சி சொல்லணும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனேன். வழியெல்லாம் கந்தர் பெயரைச் சொல்ல நினைக்கிறேன், நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கடைக்காரர் சிந்திக்காரர். ஒரு சின்னக் கடையில் நின்றுகொண்டு வியாபாரம் செய்கிறவர். பேசியதெல்லாம் இந்தியில், நான் தமிழில் எழுதுகிறேன். நண்பர் போன வேகத்தில் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். கூட்டம் கூடியது. கடைக்காரர் கையை விலக்கிவிட்டு, "சட்டை போன வாரம்தான் வாங்கினேன் பாய், அதைக் கிழிக்காதே. டிஸ்க் கெட்டிருந்தால் வேறு தருகிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதானே பார்த்தது? டிஸ்க்தான் போச்சா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். ஒரு தப்பும் செய்யாத மனுஷன்மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றேன்.

அவர் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு புரோகிராமை ஓட்டினார். "இது மூலைமுடுக்கெல்லாம் எழுதிப் பார்க்கும். எங்கே கெட்டிருக்கிறது என்று தெரியும். ஆனால் உள்ளே மிச்சம் மீதி இருந்தால் சுத்தமாகப் போய்விடும். போடட்டுமா?"

"போனதுதானே, போடுங்க" என்றார் நண்பர். கண் கலங்கியிருந்தது.

கடைக்காரரின் விரல் என்டர் பட்டனுக்குமேல் போனது. அதற்குமுன் எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் எட்டு மாத உழைப்பு என் கண்முன்னால் போகும். "முருகா" என்று கத்திக்கொண்டு அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"போடாதீங்க. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அழிச்சேன்."

கூடி நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள். கடைக்காரர் மட்டும் கோபப்படவில்லை. அழித்தபிறகு என்ன செய்தேன், எவ்வளவு ஏறியது, எப்போது நிறுத்தினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். "டிராயிங் பின்பாதியில் இருந்தது, நீ எழுதியது முன்பாதியில். இன்னும் அழியாமல் இருக்கலாம்" என்றார். வேறொரு புரோகிராமைப் போட்டுத் தேட ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒவ்வொரு டிராயிங் பெயராக வரவர எனக்கு அழுகை வந்தது. ஏழெட்டுத் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிட்டன. நண்பர் கடைக்காரரின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவன் நான். நானும் கேட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"அழிச்சது பரவால்ல அண்ணா, யார் கையிலும் ஆகும். ரெண்டு நாளா பக்கத்துல உக்காந்து எனக்கு தைரியம் சொன்னீங்களே, அது எப்படி முடிஞ்சது உங்களால?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவருக்கு ஆர்டர் கிடைத்தது. அதைக்கூட வேறு ஆள் மூலம்தான் தெரிந்துகொண்டேன். பிறகு பார்த்தால் சிரிப்பார், வீட்டு விசேஷத்துக்கும் அழைத்தார். ஆனால் எங்கள் வீட்டுக் கட்டிலில் அவர் மறுபடி வந்து உட்காரவில்லை.

கை தவறியதற்குக் கடவுள் மன்னிப்பார் என்று நம்புகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்ல நினைத்தால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கடைசியில் உண்மையை ஒத்துக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லி என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கடவுள் பெயரைச் சொன்னேனே, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.